அச்சு ஆடாத சக்கரம்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தின நிகழ்ச்சியில், மாணவர் காற்றிசைக் குழு வாசிப்பதற்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





அல்ஹம்துலில்லாஹ். ஐம்பது வருடம் ஒரு சங்கம் நிலைத்து நிற்பது சாதாரண விஷயம் இல்லை. தோட்டத்துக் கடையிலும், பட்டணத்து ரொட்டிக் கடையிலும், நாசி கண்டார் அடுப்படியிலும் வேர்வை சிந்திய கைகள் மாதம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று சேர்த்துக் கட்டிய வீடு இது. இந்த மேடையில் பேச எனக்கு இடம் தந்ததற்கு நன்றி.

இன்னும் சற்று நேரத்தில் 12 பிள்ளைகள் இங்கே வந்து உட்காருவார்கள். மலாயில் ‘பஞ்சராகம்’ என்று நாம் சொல்லும் பள்ளிக்கூட பேண்டில் வாசிக்கிற பிள்ளைகள். மூன்று பேர் நம் பிள்ளைகள். மற்றவர்கள் மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், தமிழ் இந்துப் பிள்ளைகள். எல்லாம் ஊதுகிற கருவிகள். அதனோடு ஒரே ஒரு தாயிரா. வாசிக்கப் போவது ஆறு நிமிட இசை. துருக்கியில் கொன்யா நகரத்து மௌலவி தரீக்காவினர் செய்கிற ஸமா என்னும் சுழல் வழிபாட்டை மனதில் வைத்து நான் எழுதியது.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்ததும் எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒருவர் கேட்டார்: “வாத்தியாரே, சங்கத்து மேடையில பீப்பி ஊதப் போறீங்களாமே?” இன்னொருவர், “துருக்கி டான்ஸ் வைக்கிறீங்களா?” என்றார். மூன்றாவதாகப் பேசியவர் ஒரு தாய். அவருடைய மகள் கிளாரினெட் வாசிக்கிறாள். “மகள் ராத்திரி பகலா பழகிட்டா சார். ஆனா நன்னி கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் யார் பக்கம் நிக்கிறது?” என்று கேட்டார்.

முதல் இரண்டு பேருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது கேள்விக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தத் தாய்க்கும் அந்த நன்னிக்கும் நான் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது சொல்கிறேன். நான் ஆலிம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊதக் கற்றுக் கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் விஷயம். இந்த ஊதல் கருவிகள் எங்கிருந்து வந்தன? வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை.

நம் அலோர் ஸ்டாருக்குப் போங்கள். ஸாஹிர் பள்ளிவாசல் தெரியும். அதன் பக்கத்தில் எட்டுப் பட்டை வைத்த மஞ்சள் கோபுரம் ஒன்று நிற்கிறது. பாலாய் நோபாட். வாரந்தோறும் அதைத் தாண்டிப் போகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கெடா அரச குடும்பத்தின் நோபாட் வாத்தியங்களுக்கான இடம் அது. செருனாய் என்ற சீவாளிக் குழல், நஃபிரி என்ற நீண்ட எக்காளம், நெங்காரா என்ற முரசு, கெண்டாங் மத்தளங்கள், அவற்றோடு ஒரு கோங். சுல்தான் அரியணை ஏறும்போது இது முழங்க வேண்டும். முழங்கினால்தான் பட்டாபிஷேகம் நிறைவு. கெடாவின் சுல்தான் அப்துல் ஹலிம் இரண்டு முறை நாட்டின் மாமன்னராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். மாமன்னர் அரியணை ஏறும் சடங்கிலும் நோபாட் ஒலிக்கும்.

அந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நோபாட் என்பது நவ்பத். முறை, வேளை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நஃபிரி என்பது அரபியில் நஃபீர். செருனாய் என்பது பாரசீகத்தில் சுர்னா, துருக்கியில் ஸுர்னா. நெங்காரா என்பது நக்காரா. அதை நாம் நகரா என்கிறோம். நாகூரில் தர்கா வாசலில் முழங்கும் அதே நகரா.

கெடாவின் மரபு வரலாறு, 1136-ஆம் ஆண்டில் அரசர் இஸ்லாத்தைத் தழுவி சுல்தான் முஸஃபர் ஷா ஆனார் என்றும், ஷேக் அப்துல்லா என்ற யமன் நாட்டுப் பெரியவர் அவருக்குக் கலிமா சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறுகிறது. அந்தக் கடல் வழியில்தான் நம் முன்னோரும் வந்தார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்குவதற்கு முன்பே கெடாத் துறைமுகத்தில் சூலியா வணிகர்கள் இருந்தார்கள். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் ஏறியவர்கள், கரை சேர்ந்ததும் பினாங்கு சூலியா தெருவில் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஒரு தர்காவைக் கட்டினார்கள். கந்தூரி, கொடியேற்றம், சந்தனக்கூடு எல்லாம் கூடவே வந்தன. நாகூர்க் கந்தூரி ஊர்வலத்தில் நாகசுரமும் தவிலும் முன்னால் போகும். பக்கீர்மார் தாயிரா அடித்துக்கொண்டு வருவார்கள். அங்கே நகரா சத்தம் கேட்டு வளர்ந்தவர் இங்கே வந்து அலோர் ஸ்டாரில் நெங்காரா சத்தத்தைக் கேட்டபோது, அது அந்நிய ஊர்ச் சத்தமாகவா இருந்திருக்கும்?

சரி, பள்ளிக்கூட பேண்டு? அதுவும் இந்தக் குடும்பம்தான். உஸ்மானிய சுல்தான்களின் ஜானிசாரிப் படைக்கு மெஹ்தர் என்ற வாத்தியக் குழு இருந்தது. ஸுர்னா, எக்காளம், பெரிய முரசு, ஜால்ரா. அந்தப் படையினர் ஹாஜி பெக்தாஷ் வலியின் தரீக்காவோடு உறவு உடையவர்கள். அவர்களோடு போரிட்ட ஐரோப்பிய அரசர்கள், போர் முடிந்ததும் அந்தச் சத்தத்தைத் தங்கள் படைகளுக்கும் வேண்டும் என்றார்கள். இன்றைக்குப் பள்ளி பேண்டில் ஒரு மாணவன் கழுத்தில் மாட்டி அடிக்கிற பேஸ் டிரம்மும், இன்னொருவன் தட்டுகிற பெரிய ஜால்ராவும் 18-ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் ஐரோப்பிய பேண்டுக்குள் போயின. அங்கிருந்து ஆங்கிலேயப் பட்டாளத்தோடு சென்னைக்கும் மலாயாவுக்கும் வந்தன. ஆகவே நம் வாசலிலிருந்து புறப்பட்டது ஊரைச் சுற்றிவிட்டு நம் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது. தெரியாத விருந்தாளி என்று நாம்தான் கதவைச் சாத்துகிறோம்.

இரண்டாவது விஷயம், அந்தச் சுழல் வழிபாடு.

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி 1207-இல் பிறந்தவர். 1273 டிசம்பர் 17 அன்று கொன்யாவில் வஃபாத்தானார்கள். அந்த நாளை அங்கே துக்க நாள் என்று சொல்வதில்லை; கல்யாண இரவு என்கிறார்கள். ‘உரூஸ்’ என்ற நம்முடைய சொல்லும் அதே கருத்திலிருந்து வந்ததுதான். நாகூரிலும் உரூஸ், கொன்யாவிலும் உரூஸ்.

ரூமியின் மஸ்னவி ஒரு நாணல் குழலின் புலம்பலில் தொடங்குகிறது என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குழலின் பெயர் நெய். ஒன்பது கணு இடைவெளி கொண்ட ஒரு நாணல் துண்டு. முன்னால் ஆறு துளை, பின்னால் ஒன்று. சீவாளி கிடையாது, விசை கிடையாது. வாயைச் சற்றுச் சாய்த்து வைத்து ஊத வேண்டும். புதிதாகப் பழகுகிறவனுக்குப் பல நாள் வரைக்கும் வெறும் காற்றுதான் வரும். உள்ளே இருந்ததைக் குடைந்து எடுத்து வெறுமையாக்கினால்தான் நாணல் குழலாகும். மனிதனுக்கும் அப்படித்தான் என்று அந்தத் தரீக்காப் பெரியவர்கள் பாடம் சொல்கிறார்கள்.

ஸமா எப்படி நடக்கும்? முதலில் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது புகழ்ப்பாட்டு. பிறகு குதூம் என்ற சிறிய இரட்டை முரசில் ஓர் அடி. அதுவும் நகரா குடும்பம்தான். ‘ஆகு’ என்ற இறைக் கட்டளையை அது குறிக்கும் என்பார்கள். அடுத்து நெய் தனியாக ஊதும். அது உயிர் மூச்சு. பிறகு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, ஒருவருக்கொருவர் தலை தாழ்த்தி, மூன்று சுற்று மெதுவாக நடப்பார்கள். அதன் பிறகுதான் கறுப்பு மேலங்கியைக் களைந்துவிட்டுச் சுழலத் தொடங்குவார்கள். கறுப்பு அங்கி மண்ணறை. வெள்ளைப் பாவாடை கஃபன். தலையில் இருக்கிற உயரமான தொப்பி மீஸான் கல். தன் மையத்தைத் தானே உடுத்திக்கொண்டு வருகிற ஒருவர் ஆடுவதை நாம் டான்ஸ் என்று சொல்லலாமா?

வலக்கை வானத்தைப் பார்த்திருக்கும். இடக்கை பூமியைப் பார்த்திருக்கும். இறைவனிடம் வாங்கி மக்களுக்குக் கொடுப்பது, தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதது என்பது அதன் பொருள். கஅபாவைத் தவாஃப் செய்வதுபோல இடப்பக்கமாக, இதயம் உள்பக்கம் இருக்கும்படி சுழல்வார்கள். ‘ஸலாம்’ என்ற பெயரில் நான்கு பகுதிகள். முதலாவது பெரும்பாலும் 14 எண்ணிக்கைத் தாளம். நம் ஊர் கண்ட ஜாதி அட தாளத்தின் கணக்கு. இரண்டாவது 9. மூன்றாவதில் தாளம் மாறி மாறி வந்து கடைசியில் 6-இல் வேகம் எடுக்கும். நான்காவதில் மறுபடியும் 9, வேகம் அடங்கிவிடும். முடிவில் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். குர்ஆன் ஓதப்படும். சுழன்றவர்கள் அங்கியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு துஆ.

1925-இல் துருக்கிக் குடியரசு தரீக்காக்களின் இல்லங்களை எல்லாம் மூடியது. 1953-இல்தான் கொன்யாவில் மறுபடியும் பொதுவில் ஸமாவுக்கு இடம் கிடைத்தது. இன்று உலகின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ அதைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் சுற்றுலாக்காரர்களுக்காகச் சாப்பாட்டுக் கடையில் ஆடிக் காட்டுவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்த முகச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது.

நியாயம் இருக்கிறது என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நானே அந்தத் தப்பைச் செய்தவன்.

இந்த இசையை முதலில் எழுதியபோது நான் அதை ஒரு சூறாவளியாக எழுதினேன். சுழல் என்றால் வேகம்தானே! முதல் நொடியிலிருந்தே டிரம்பெட் அலறும், ஜால்ரா மோதும், கிளாரினெட்டுகள் விரல் வலிக்க ஓடும். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். எனக்கும் பெருமை. இந்தத் தப்பில் எனக்கு ஒரு பெரிய கூட்டாளியும் இருந்தார். ஜெர்மனியின் பீத்தோவன் 1811-இல் ‘ஏதென்ஸின் இடிபாடுகள்’ என்ற நாடகத்துக்கு எழுதிய இசையில் தர்வேஷ்களின் கோரஸ் ஒன்று இருக்கிறது. வெறி பிடித்தவர்கள் கத்துவதுபோல இருக்கும். அவர் தர்வேஷ்களைக் கண்டதில்லை. பயந்த கற்பனையை எழுதினார். அவர் மகாமேதை, நான் சாதாரண வாத்தியார். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுந்தோம்.

என்னைத் தூக்கி நிறுத்தியவர் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் மாமு என்று கூப்பிடுவோம். பதினாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய் விற்றவர். பெரட்டுக்கு முன்னால் லயத்து வாசலில் மணி அடிப்பாராம். மரம் சீவப் போகிறவர்கள் அவரிடம் ரொட்டி வாங்கிக்கொண்டுதான் காட்டுக்குப் போவார்கள். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

பேரனை அழைத்துப் போக வந்தவர், சங்க மண்டபத்தில் எங்கள் ஒத்திகையை நின்று கேட்டார். முடிந்ததும் நான் பாராட்டை எதிர்பார்த்துப் போய் நின்றேன்.

“என்ன தம்பி இது?”

“தர்வேஷ்கள் சுத்துறது, மாமு.”

“சுத்துறதா? ராட்டினம் மாதிரியில்ல இருக்கு. இதுல மூச்சு எங்க இருக்கு?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் சைக்கிள்ல ரொட்டி வித்தவன். சக்கரம் எம்புட்டு வேகமாச் சுத்தினாலும் அச்சு ஆடக் கூடாது தம்பி. அச்சு ஆடுனா ரொட்டி அம்புட்டும் சகதியில. உன் பாட்டுல சக்கரம் இருக்கு, அச்சு இல்ல.”

பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. அந்த நாளில் வியாழக்கிழமை இரவு, அதாவது வெள்ளி ராவு, தோட்டத்துக் கடையின் பின்கட்டில் ஏழெட்டுப் பேர் கூடி ராத்திபு ஓதுவார்களாம். மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பாய், ஊதுபத்தி, ஒரு தாயிரா. கடைக்காரர், ரொட்டிக்காரர், துணி மூட்டை தூக்கி விற்பவர், தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர். ஊரில் பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்காகத் தனியாக இருந்த மனிதர்கள். திக்ரு மெதுவாகத் தொடங்கும். தாயிரா தாளத்தைப் பிடிக்கும். மூச்சை இழுக்கும்போது ஒரு சொல், விடும்போது ஒரு சொல். உடம்பு தானாக அசையும். யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். “ஒருத்தன் மூச்சு தீர்ந்தா பக்கத்துல உள்ளவன் மூச்சு தாங்கும். சத்தம் அறுபடாது” என்றார். ஓதி முடித்த பிறகு யாராவது குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டு ஒன்றைப் பாடுவார்களாம். அப்புறம் தேத்தண்ணி. விடியற்காலை மறுபடியும் சைக்கிள்.

“அந்த ஒரு ராவுதான் தம்பி எங்களை ஆறு நாளும் ஓட வச்சது” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அன்று இரவு வீட்டுக்குப் போய் ஸமாவைப் பற்றி நான் முன்பே படித்ததை மறுபடியும் எடுத்துப் படித்தேன். என் கண்ணில் படாமல் போன ஒரு செய்தி அங்கேயே இருந்தது. சுழல்கிறவரின் இடது கால் தரையை விட்டு எழும்புவதில்லை. அதற்குத் துருக்கியில் தூண் என்று பெயர். வலது கால்தான் சுழற்றிவிடுகிறது. அதற்குச் சக்கரம் என்று பெயர். நான்காவது ஸலாமில் அவர்கள் இடம்விட்டு நகர்வதும் நின்றுவிடும். நின்ற இடத்திலேயே சுழல்வார்கள். அந்தப் பெரியவர் கொன்யாவைப் பார்த்தது கிடையாது. ஆனால் தூணும் சக்கரமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பீடோங் மண் சாலையும் வெள்ளி ராவும் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கின்றன.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதினேன். நீங்கள் கேட்கப் போவது அதைத்தான். எப்படிக் கேட்பது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுரமே வராது. 11 பிள்ளைகளும் கருவிக்குள் வெறும் மூச்சை விடுவார்கள். மைக் கெட்டுப்போய்விட்டது என்று யாரும் எழுந்திருக்க வேண்டாம். அந்த மூச்சிலிருந்து டியூபாவும் யூஃபோனியமும் கீழே ஒரு சுருதியைப் பிடிக்கும். நாகசுரத்துக்கு ஒத்து எப்படியோ அப்படி. அந்தச் சுருதி ஆறு நிமிடமும் அறுபடாது. அதுதான் தூண். டியூபா வாசிக்கிற சீனப் பையன் என்னிடம் கேட்டான், “சார், நான் எப்போது மூச்சு வாங்குவது?” நான் சொன்னேன், “உன் நண்பன் வாங்காதபோது வாங்கு.” அவன் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டான். மாமு சொன்ன ராத்திபுக் கணக்குத்தான் அது.

பிறகு தாயிராவில் ஓர் அடி. தனிக் கிளாரினெட், அதன் கீழ்க்குரலில், நெய் ஊதுவதுபோல மெதுவாகத் தொடங்கும். மூன்று முறை ஒரு மெட்டு நடக்கும். அது அந்த மூன்று சுற்று நடை. அடுத்து 14, 9, 6 என்று தாளம் மாறும். வேகம் வரும். ஆனால் கீழே சுருதி அசையாது. ஜால்ரா இல்லை. எடுத்துவிட்டேன். கடைசியில் ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். தொடங்கியதுபோல வெறும் மூச்சில் முடியும். முடிந்ததும் உடனே கை தட்டாமல் உங்கள் மூச்சு இரண்டு முறை போய் வரும் வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகு தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி.

இது ஸமா இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸமா ஒரு வழிபாடு. அதற்கு ஷேக் வேண்டும், ஒழுக்கம் வேண்டும், ஒளு வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை வைத்து மேடையில் அதைச் செய்து காட்டுவது மரியாதை இல்லை. அதனால் இங்கே யாரும் சுழலப் போவதில்லை. தூரத்திலிருந்து பார்த்து, தலை தாழ்த்தி, எழுதிய ஓர் இசை மட்டும்தான் இது.

இனி அந்த நன்னியின் கேள்விக்கு வருகிறேன்.

இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இன்று நேற்று வந்ததல்ல. இமாம் கஸ்ஸாலி தம்முடைய இஹ்யாவில் ஸமாவுக்கென்றே ஒரு பகுதியை எழுதியிருக்கிறார்கள். சில கருவிகளைக் கூடாது என்றும் சிலவற்றைக் கூடும் என்றும் சொல்லி, கேட்பவர் யார், என்ன நோக்கம், எந்த இடம், எந்த நேரம் என்றெல்லாம் நிபந்தனைகளை அடுக்குகிறார்கள். உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் இசை கிளறிவிடும் என்பது அவர்கள் கருத்து. ஊதுகுழல்களைக் கூடாது என்றவர்களும் பெரிய அறிஞர்கள்தான். நம் சங்கத்திலேயே கந்தூரி கூடும் என்பவர்களும் இருக்கிறார்கள், கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஐம்பது வருடம் ஒரே சஹனில் சாப்பிட்டிருக்கிறோம். அந்தச் சஹனை உடைக்க நான் வரவில்லை. கேட்க விருப்பமில்லாதவர்கள் எழுந்து வெளியே போனால் எனக்கு வருத்தம் கிடையாது. நிகழ்ச்சிக் குழுவும் மஃரிப் பாங்குக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே வாசிப்பு முடிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

நான் கேட்பது ஒன்றுதான். கூடாது என்று சொல்லுங்கள். ஆனால் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லாதீர்கள். ஷேக் சின்ன மௌலானா சாஹிபு ஆந்திரத்தில் கரவதி என்ற ஊரில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, நாகசுரத்தில் 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் வரை போனவர்கள். பரம்பரையாக ஊதிய முஸ்லிம் குடும்பம். அவர்களுடைய சீடர்கள் வரிசையில் வந்த காலீஷாபி மஹபூப் என்ற பெண்மணி கணவரோடு சேர்ந்து நாகசுரம் வாசிக்கிறார். 2020-இல் இருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது. காசியில் உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கான் தொழுகையையும் விடவில்லை, ஷெனாயையும் விடவில்லை. முஹர்ரத்தில் நடந்துகொண்டே ஷெனாயில் அழுதவர். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றபோது டில்லிச் செங்கோட்டையில் ஒலித்தது அவருடைய மூச்சுத்தான். இவர்களைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு பெண் பிள்ளை கிளாரினெட்டை வைக்கலாம் அல்லது எடுக்கலாம். தெரியாமலேயே வெட்கப்பட்டு வைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நான் அந்த நன்னியை வீட்டில் போய்ப் பார்த்தேன். வாதாடவில்லை. பேத்தி அந்த முதல் மெட்டை மட்டும் வாசித்தாள். நன்னி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும், “எங்க வாப்பா நாகூர்ல கொடியேத்தத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்க. இப்படித்தான் தூரத்துல கேக்கும்” என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, “ஆனாலும் நான் கூடாதுன்னுதான் சொல்லுவேன்” என்றார்கள். சரி நன்னி என்று சொல்லி எழுந்து வந்தேன். இன்று அவர்கள் வந்திருக்கிறார்கள். மண்டபத்துக்குள் இல்லை. பின்பக்கம் பிரியாணி சஹன் போடுகிற பெண்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சன்னல்களைச் சாத்த வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பொன்விழா மலர்க் குழுவிடம் ஒரு வேண்டுகோள். நம் சங்க வரலாற்றில் தலைவர்கள் பெயர் இருக்கிறது, கட்டட நிதிக் கணக்கு இருக்கிறது. கெடாத் தோட்டங்களில் எந்தக் கடையின் பின்கட்டில் ராத்திபு நடந்தது, யார் தாயிரா அடித்தார், எந்த வீட்டில் மௌலூது ஓதினார்கள் என்ற குறிப்பு எங்கேயும் இல்லை. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இல்லை, கடை இல்லை. அந்தப் பெரியவர் போல ஐந்தாறு பேர்தான் மீதி. அடுத்த ஹரிராயாவுக்கு வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள் கைப்பேசியை எடுத்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யட்டும். பரணில் தாயிரா கிடந்தால் தூசி தட்டி எடுத்து வாருங்கள். இன்று மேடையில் ஒலிக்கப் போகிற தாயிரா மாமு வீட்டுப் பரணில் இருந்து வந்ததுதான். அடிக்கப் போகிறவன் அவருடைய பேரன்.

யா அல்லாஹ்! கடல் தாண்டி வந்து, மண் சாலையில் சைக்கிள் மிதித்து, ஹலாலாகச் சம்பாதித்து எங்களை ஆளாக்கிய பெரியவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவாயாக. எங்கள் பிள்ளைகளின் மூச்சை உன் பொருத்தத்திற்குரியதில் செலவழிக்கச் செய்வாயாக. கருத்து வேறுபாட்டிலும் எங்கள் உள்ளங்களைப் பிரித்துவிடாதே. ஆமீன்.

பிள்ளைகளே, வாருங்கள். அவசரம் வேண்டாம். மெதுவாக உட்காருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.